சூரிய நூல் சட்டையா, மடக்குப் பலகையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தம்பி கேட்டான்: "அண்ணே, கைப்பேசிக்கு மின்னேற்ற, வெயிலில் மின்சாரம் தரும் நூல் வைத்த சட்டையா, மடித்து எடுத்துப்போகும் சூரியப் பலகையா, எது சரிப்படும்?"

மின்சாரம்: 2022இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகம் 1,200 குட்டிச் சூரியச் செல்களைத் துணிக்குள் வைத்துக் காட்டியது. கிடைத்தது 400 மில்லிவாட். 10 வாட் பலகை அதைப்போல 25 மடங்கு.

வெளிச்சம்: நூல் உருண்டை, எந்தப் பக்க ஒளியையும் பிடிக்கும். பலகையை வெயில் பார்த்துத் திருப்ப வேண்டும். செம்பனை நிழலில் இரண்டுமே திணறும்.

துவைப்பது: இங்கேதான் சிக்கல். சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் வகை நூலில் டைட்டானியக் கம்பிமேல் சாயம், சுற்றிலும் பெரும்பாலும் திரவம். அம்மா முறுக்கிப் பிழிந்தால் கசிந்துவிடும்! பலகையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

விலை: பலகை கடையில் உண்டு. நூல் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான்.

கைப்பேசிக்குப் பலகை, தம்பி. உடம்போடு ஒட்டிய சின்ன உணரிகளுக்கு (சென்சார்) நூல் வரட்டும்.