கரண்ட் போனால் தெரியும்: நாலு பெட்டி, நாலு லினக்ஸ்

அம்பாசமுத்திரத்தில் தெரிந்த அண்ணாச்சி ஒருத்தரின் ஜெராக்ஸ் கடையில் நாலு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அவற்றில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை, வருகிறவர்களுக்குப் பட்டா, சிட்டா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சரி. பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற எனக்குத்தான் கொழுப்பு. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் நாலு வகைகளை, ஒன்றில் டெபியன், ஒன்றில் ஃபெடோரா, ஒன்றில் ஆர்ச், ஒன்றில் ஓப்பன்சூசே என்று போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

லினக்ஸில் மென்பொருள்களைப் பேக்கேஜ் என்கிற பொட்டலங்களாக இறக்கி, நிறுவி, புதுப்பிக்கிற கருவிதான் பேக்கேஜ் மேனேஜர், வகைக்கு வகை மாறும். நெட்டில் அவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள், எது எத்தனை செகண்டில் இறக்குகிறது என்று. நம்ம ஊர்க் கணக்கு வேறு. கடையில் ஃபைபர் இருந்தாலும் பாதி நாள் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் நாளைக்கு 1.5 ஜிபி. பொதிகை மலைப் பக்கமிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்ட் நின்றுவிடும், அதுபோக மாசத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்திவிடுவார்கள், யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் பெரிசு. அதனால் நான் பார்த்தது இரண்டே விஷயம்: பாதியில் நின்றால் எப்படி எழுந்திருக்கிறது, டேட்டாவை எவ்வளவு தின்கிறது.

டெபியனிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் வேலை இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. டிபிகேஜி கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை மாதிரி, சாமான் வந்தால் சமைக்கும், கடைக்குப் போகாது. லிஸ்ட் எழுதி, எதற்கு எது வேண்டும் என்று பார்த்து, கடைக்குப் போய் அள்ளிக்கொண்டு வருகிற ஆள் ஆப்ட். இந்த ஆள் டெபியன் 2.1-ல், அதாவது 1999-ல்தான் வந்து சேர்ந்தார். ஃபெடோராவிலும் இதே ஏற்பாடுதான், அங்கே சமைப்பது ஆர்பிஎம், கடைக்குப் போவது டிஎன்எஃப்.

ஒரு நாள் லிப்ரே ஆபீஸ் புதுப்பிக்கும்போது, பேக்கேஜ்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் ஆப்டைக் கூப்பிட்டால், 'டிபிகேஜி பாதியில் நின்றிருக்கிறது, இந்த வரியை அடி' என்று மருந்தையும் அதுவே எழுதிக் காட்டியது. அடித்தேன், விட்ட இடத்திலிருந்து முடித்தது, அவ்வளவுதான். நெட் அறுந்தாலும் இறங்கின வரைக்கும் தனி ஃபோல்டரில் வைத்திருந்து அங்கிருந்தே தொடரும். குறை என்றால், பின்னணியில் தானாக அப்டேட் ஓடும்போது நாம் எதையாவது நிறுவப் போனால் 'லாக் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வேலை செய்ய வைக்கிற பூட்டு) கிடைக்கவில்லை' என்று நிற்கும், அந்த நேரம் பார்த்துத்தான் கடையில் ஆள் வந்து நிற்பார்கள். மென்பொருள் பழசாகவே இருக்கும் என்றும் சொல்வார்கள், இருக்கட்டுமே, ஜெராக்ஸ் கடைக்கு எதற்குப் புதுசு?

ஃபெடோராவின் டிஎன்எஃப் முன்னே மந்தமாக இருந்தது உண்மை. 2024 அக்டோபரில் ஃபெடோரா 41-ல் சி++-இல் திருப்பி எழுதின டிஎன்எஃப் 5 வந்த பிறகு அந்தக் குறையை இனிமேல் சொல்லக் கூடாது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஹிஸ்டரி. சும்மா பார்ப்போமே என்று வேறொரு டெஸ்க்டாப் சூழலை (திரை, மெனு, ஜன்னல் எல்லாம் சேர்ந்தது) மொத்தமாக இறக்கிப் போட்டுப் பார்த்து, பிடிக்காமல், 'ஹிஸ்டரி அண்டூ' என்று ஒரு வரி அடித்ததும் வந்ததெல்லாம் வந்த வழியே போய்விட்டது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து எதைக் கேட்டாலும் முதலில் ரிப்பாசிட்டரி (பேக்கேஜ்கள் இருக்கிற கிடங்கு) பட்டியலைப் புதுப்பிக்கிறேன் என்று பல எம்பி இறக்கும், ஹாட்ஸ்பாட்டில் அது வலிக்கும். நடுவில் கரண்ட் போனபோது ஒரே பேக்கேஜ் பழையதும் புதியதுமாக இரட்டை இரட்டையாக நின்றது, அதை ஒதுக்கிச் சரிசெய்ய அரைக் காலை போனது. அப்புறம் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாசம்தான் ஆதரவு என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசாக அடுத்த பதிப்புக்கு ஏறியே ஆகவேண்டும்.

ஆர்ச்சைப் பற்றி நியாயமாக எழுதுவது எனக்குக் கஷ்டம், ஏனென்றால் வீட்டில் என் சொந்த லேப்டாப்பில் அதுதான். அதன் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் மாதிரி வேகம் வேறு எதிலும் பார்க்கவில்லை. கடைக்குத்தான் அது ஆகாது. ஒரு பேக்கேஜை மட்டும் புதுப்பித்தால் அதற்கு ஆதரவு கிடையாது, ஏதாவது உடையலாம், ஏற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றவேண்டும். இரண்டு மாசம் தொடாமல் விட்டுவிட்டுத் திறந்தால், பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்த கதைதான், பேக்கேஜ் அசல்தானா என்று சரிபார்க்கிற கையெழுத்துச் சாவிகள் பழசாகி, முதலில் அதைச் சரிபண்ணு என்று நிற்கும். ஒரு சாயங்காலம் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், பெட்டி எழுந்திருக்கவே இல்லை.

"ஏன்டே, பொட்டி இன்னும் கருப்பாவே கெடக்கு? ஆளுவ நிக்காவ."

"அஞ்சு நிமிசம் அண்ணாச்சி."

இரண்டு மணி நேரம் ஆனது. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, உள்ளே போய், மிச்சம் கிடந்த லாக் ஃபைலை அழித்து, கர்னலைத் திரும்பப் போட்டேன். ஃபெடோரா மூன்று கர்னல் வரை கையில் வைத்திருக்கும், டெபியனும் பழையதை ஒதுக்கி வைக்கும், பேக்மேன் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும், வித்தியாசம் அங்கேதான். ஆர்ச் பயனர்களின் கிடங்கான ஏயூஆரில் கிடைக்காததே இல்லை என்பார்கள், ஆனால் அது யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் தயாரிக்கச் சமையல் குறிப்பு எழுதி வைக்கிற இடம். 2025 ஜூலையில் அங்கே மால்வேர் கலந்த சில பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து நீக்கினார்கள். படித்துப் பார்க்காமல் அதிலிருந்து எதையும் போடாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் முதல் மார்க் ஓப்பன்சூசேவுக்கு. அதன் பேக்கேஜ் மேனேஜரான ஸிப்பர் வேலையைத் தொடங்குமுன் ஸ்னாப்பர் என்கிற துணை ஆள் சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஒரு படம் (ஸ்னாப்ஷாட்) பிடித்து வைத்துவிடும், முடிந்தபின் இன்னொன்று. குளறுபடி ஆனால் பூட் மெனுவில் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளலாம், கடை திறந்த ஐந்தாவது நிமிஷம் பிரிண்ட் ஓடும். பேக்கேஜ்களுக்குள் சண்டை வந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தீர்வுகளை எழுதிக் கேட்கும், அதைப் படிப்பதற்குள் டீ ஆறிவிடும், பரவாயில்லை. படங்கள் சேரச் சேர டிஸ்க் நிறைந்துகொண்டே போகும் என்பதுதான் பெரிய தொல்லை.

பிரபலமான லினக்ஸ் வகையான உபுண்டுவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 22.04 பதிப்பு முதல் அங்கே ஆப்டிடம் ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் ஸ்நாப் என்கிற வேறு வகைப் பேக்கேஜ்தான் வரும். ஸ்நாப் ஒரு நாளைக்கு நாலு தடவை தானாகவே புதுசு இருக்கிறதா என்று பார்த்து இறக்கிக்கொள்ளும், ஹாட்ஸ்பாட்காரனுக்கு அது சரிப்படாது. நிறுத்திவைக்க வழி உண்டு, ஆனால் அதையும் நாம்தான் தேடிப் போய்ச் செய்யவேண்டும். உபுண்டு பிடிக்கும், ஸ்நாப் வேண்டாம் என்கிறவர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாக வைத்த மின்ட் இருக்கிறது, அது ஸ்நாப்பை வாசலிலேயே நிறுத்திவிடும்.

தமிழுக்கு நாலிலும் குறையில்லை. ஐபஸ் எம்17என் என்கிற தட்டச்சுப் பேக்கேஜைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். லோஹித் எழுத்துரு ஃபெடோராவில் 'தமிழ்' என்ற முழுப் பெயரோடு இருக்கிறது, டெபியனில் பெயரின் கடைசியில் ஆங்கில ஐ ஒன்று குறைந்து taml என்று நிற்கிறது. தமிழில் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டார்களே என்று கோபம்கூட வந்தது, பிறகு பார்த்தால் அது எழுத்துமுறைகளுக்கான நாலெழுத்துக் குறியீடாம்.

இப்போது ஃபெடோரா பெட்டியையும் ஆர்ச் பெட்டியையும் டெபியனுக்கு மாற்றியாகிவிட்டது. காரணம் ஆப்ட் கேச்சர் என்ஜி. ஒரு பெட்டியில் அதைப் போட்டு, மற்றவற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால், ஒரு பெட்டிக்காக இறங்கின பேக்கேஜ் மற்ற பெட்டிகளுக்குக் கடைக்குள்ளேயே கிடைக்கிறது, மூன்று பெட்டிக்கு ஒரு பெட்டியின் டேட்டாதான் செலவு. ஓப்பன்சூசே மட்டும் ஸ்கேனர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கணும், அண்ணாச்சி தீபாவளி கழியட்டும் என்கிறார்.