பாமினியா, யூனிகோடா? ஈரோட்டு டிடிபி மேசைக்கு எது?

காதுகுத்துப் பத்திரிகை அச்சானால் போதும் என்றால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு போதும். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் அதுதான் ஓடும். ஆனால் அதில் ‘கொ’ என்பது என், எஃப், எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் போர்த்திய தமிழ் உருவம். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த மூன்றும் அப்படியே வந்து நிற்கும். பிடிஎஃபில் எழுத்துருவையும் சேர்த்து உட்பொதித்தால் அச்சு சரியாக வரும். ‘கொங்கு’ என்று தேடினால் மட்டும் அகப்படாது.

யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடு; அதில் ககரம் எந்த எழுத்துருவிலும் ககரமே. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம் மாறினால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் தேடிப் பார்க்க வேண்டிய கோயில் மலருக்கு யூனிகோடு மட்டுமே. பழைய பாமினிக் கோப்பை மாற்றும்போது ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழாகிக் குழம்பிவிடும்.