தினை நூடுல்ஸில் தினை எங்கே?

மகள் நச்சரித்தாள் என்று தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் தினை நூடுல்ஸ் வாங்கினேன். 180 கிராம், 65 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், எதற்கு வம்பு.

அட்டையில் தினைக் கதிர், பச்சை வயல், ‘பாரம்பரியம்’ என்று கொட்டை எழுத்து. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன். முதலில் இருப்பது கோதுமை மாவு, 62 சதவீதம். தினை வெறும் 28. எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடவேண்டும் என்பது நம் நாட்டு விதி. கடையிலேயே திருப்பிப் பார்க்காதது என் தப்பு.

மசாலா இன்னும் மோசம். ஒரு ஆள் சாப்பிடும் அளவிலேயே 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்குமே 2000-ஐத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதி மசாலாதான் போட்டேன், கேரட்டும் பீன்ஸும் நிறைய சேர்த்தேன். ருசி பரவாயில்லை. நான்கு நிமிடம் வேகவிடச் சொல்கிறார்கள், மூன்றே போதும், இல்லாவிட்டால் குழைந்துவிடுகிறது.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து அலமாரி முழுக்க இப்படித்தான். நெல்லைப்போல வயலில் தண்ணீர் கட்டாமல் மானாவாரியிலேயே விளையும் என்பதால்தான் தினையைத் தேடி வாங்குகிறேன். கோதுமைக்கு இந்த விலையா?

அப்புறம் அதே கடையில் தினை அரிசி அரை கிலோ வாங்கினேன், 60 ரூபாய். மறுநாள் உப்புமா. மகள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் தட்டு காலி.