கடை முழுக்கத் தமிழ், ஒரு வரி மட்டும் ஆங்கிலம்: தீம் மொழிபெயர்ப்பு அனுபவம்

வூகாமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் இணையதளத்தை ஆன்லைன் கடையாக்கும் பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள்; தீம் (theme) என்பது அந்தக் கடைக்குத் தோற்றம் தரும் தொகுப்பு. அப்படி ஒரு கடையைத் தமிழில் நடத்த, நான் வைத்திருக்கும் அதே தீமை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வருஷக் கணக்கில் அதில்தான் கடை ஓடுகிறது. வேகம், தோற்றம், மொபைலில் தெரியும் விதம் எல்லாம் விற்றவர்கள் சொன்னபடியே இருக்கின்றன. எனக்குச் சொல்ல இருப்பது அதில் வரும் வாசகங்களைப் பற்றி மட்டும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்பு முறை எனக்கு இன்றும் அவ்வளவு பிடிக்கும். ஒழுங்காக எழுதிய தீமில் ஒவ்வொரு வாசகமும் ஒரு ஃபங்ஷன் (மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் சிறு நிரல்) வழியாகத்தான் திரைக்கு வரும். ஆங்கில வாசகங்களுக்கு நேராக மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் மொழிக் கோப்பில் தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம். பொத்தானில் "கூடையில் சேர்" என்று வர, தீமின் கோடில் கை வைக்கவே வேண்டாம். கடைப் பக்கத்தின் மேலே, இத்தனையில் இத்தனை காட்டுகிறோம் என்று ஒரு வரி வரும் அல்லவா? ஆங்கிலத்தில் மொத்த எண்ணிக்கை கடைசியில் நிற்கும். வூகாமர்ஸ் அந்த மூன்று எண்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு வைத்திருப்பதால், மூன்றாவதை முன்னால் இழுத்து "மொத்தம் 48 பொருள்களில் 1 முதல் 12 வரை" என்று எழுத முடிந்தது. அதைத் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

மொழிக் கோப்பை வேர்ட்பிரஸுக்குள்ளேயே எழுதித் திருத்த உதவும் லோகோ டிரான்ஸ்லேட் பிளகினையும் மனசாரப் பாராட்டுகிறேன். புது மொழியைத் தொடங்கும்போது கோப்பை எங்கே வைப்பது என்று கேட்கும். "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தீமின் சொந்த ஃபோல்டரில் வைத்தால் அடுத்த அப்டேட்டோடு போய்விடும். கஸ்டம் ஃபோல்டரை எந்த அப்டேட்டும் தொடாது. கோப்பைக் கையால் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 முதல், வழக்கமான எம்ஓ (.mo) மொழிக் கோப்போடு பிஎச்பி (.l10n.php) வடிவத்திலும் ஒரு மொழிக் கோப்பு இருக்கலாம். இரண்டும் இருந்தால் பிஎச்பிதான் முதலில் படிக்கப்படும். எம்ஓவை மட்டும் மாற்றிவிட்டு, திரையில் பழைய வாசகமே வருகிறதே என்று கேஷை, அதாவது சேமித்து வைத்த பழைய பக்க நகலை, குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்தத் தீமின் கார்ட் (கூடை) பக்கத்தில், இலவச டெலிவரிக்கு இன்னும் எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று ஒரு பட்டை வரும். அந்த ஒரு வரியை மட்டும் ஃபங்ஷனுக்குள் போடாமல், நேராக டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் அமைப்பை எழுதி வைத்த கோப்பில்) ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். மொழிக் கோப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்த ஃபங்ஷன் வழியாகப் போகும் வாசகத்தை இடையில் பிடித்து மாற்றும் கெட்டெக்ஸ்ட் ஃபில்டர் போட்டுப் பார் என்பார்கள். அந்த வழியாக வராத வாசகத்தை ஃபில்டர் எங்கே பிடிக்கும்? மேலிருந்து கீழ் வரை தமிழில் படித்துக்கொண்டே வருகிற வாடிக்கையாளர், பணம் கட்டுவதற்கு ஒரு படி முன்னால் ஆங்கிலத்தில் முட்டிக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கார்ட் டெம்ப்ளேட் கோப்பை அப்படியே சைல்டு தீமுக்குள் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீமுக்குள்) நகலெடுத்து அந்த வரியைத் தமிழாக்குவது. அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். ஒரு வரிக்காக ஒரு முழுக் கோப்பு என் தலையில். வூகாமர்ஸ் தன் கார்ட் டெம்ப்ளேட்டை மாற்றும்போதெல்லாம், ஸ்டேட்டஸ் பக்கத்தில் என் நகல் பழைய பதிப்பு என்று எச்சரிக்கை வந்து நிற்கும். புதுக் கோப்பை எடுத்து, பழையதோடு வரி வரியாக ஒப்பிட்டு, மறுபடியும் அந்த ஒரு வாசகத்தைச் செருக வேண்டும். போன வாரமும் அதே வேலைதான். தீம் எழுதியவர் அந்த வரியைச் சுற்றி ஒரு ஃபங்ஷனைப் போட்டிருந்தால் இது எதுவுமே இல்லை. புகார் கொடுத்தால் மரியாதையாகத்தான் பதில் வருகிறது, அடுத்த பதிப்பில் சரிசெய்வோம் என்று. பதிப்புகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நியாயமாகச் சொல்வதென்றால், மற்ற எல்லா வாசகங்களும் முறையாகவே ஃபங்ஷனுக்குள் இருக்கின்றன. ஒருமை, பன்மைகூடத் தனித்தனியாகக் கேட்கிறது. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதுக் கடைகளுக்கு கார்ட்டும் செக்அவுட்டும் (பணம் கட்டும் பக்கம்) டெம்ப்ளேட்டுக்குப் பதில் பிளாக்குகளாகவே (எடிட்டரில் அடுக்கும் துண்டுகள்) வருவதால், இந்த டெம்ப்ளேட் தொல்லை புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இல்லாமலும் போகலாம். அங்கே வாசகங்கள் ஜேசன் (.json) என்ற இன்னொரு வடிவ மொழிக் கோப்பிலிருந்து வரும். லோகோ அதையும் தானே உருவாக்கிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வேறு எந்தத் தீமைப் பார்த்தாலும் டெமோவில் ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு வரியும் தீமின் பிஓடி கோப்பிலோ (.pot, மொழிபெயர்க்க வேண்டிய வாசகங்களின் பட்டியல்) வூகாமர்ஸின் கோப்பிலோ இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். என் கடை இதே தீமில்தான் தொடரும். ஆயிரக்கணக்கான வாசகங்களை உட்கார்ந்து தமிழாக்கி வைத்திருக்கிறேன், அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.