கேனைத் திருப்பிப் பாருங்கள்

சிறிய ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்கு விலை குறைத்திருந்தால் உடனே கூடையில் போடாதீர்கள். கேனைத் திருப்பி அடியில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். பல வருடங்களாக இதைக் குடித்துவரும் என்னிடம் யார் யோசனை கேட்டாலும் முதலில் வாயில் வருவது இதுதான். சுவை, வகை, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது கேட்டவர் பழைய நண்பர். வழக்கமாக வாங்கும் இடத்தில் ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகை) பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று செய்தி அனுப்பியிருந்தார். லாகர், ஏல் என்ற இரண்டு பெரிய பீர் வகைகளுக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "அடுத்த வருடம் வரை நன்றாக இருக்கும் என்று போட்டிருக்கிறார்களே" என்றார். என் கோபம் அந்த வரியில்தான் தொடங்குகிறது.

அடுத்த வருடம் வரை அது கெடாது என்பது உண்மை. குடித்தால் உடம்புக்குத் தனியாக ஒன்றும் வந்துவிடாது. ஆனால் ஐபிஏவை யாரும் கெடாமல் இருப்பதற்காக வாங்குவதில்லை; பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் மணத்துக்காக வாங்குகிறார்கள். ஆரஞ்சுத் தோல், பழுத்த மாம்பழம், பைன் பிசின் என்று ஒவ்வொரு ரகமும் ஒரு மணம் தரும். அந்த மணமெல்லாம் ஹாப்ஸில் உள்ள எண்ணெய்களில் இருக்கிறது. கேனில் அடைத்த நாளிலிருந்தே அவை குறையத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பகுதி போய்விடும். கிடங்கு சூடாக இருந்தால் இன்னும் விரைவாக. அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் துளி ஆக்சிஜன் போதும், மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் ஒரே ஆலையின் ஒரே பீரில் புதியது ஒன்றையும் பழையது ஒன்றையும் அருகருகே ஊற்றிப் பாருங்கள். புதியது கலங்கலான வைக்கோல் மஞ்சளில் இருக்கும். கிளாஸ் மூக்கருகே வருவதற்கு முன்பே மணம் வந்துவிடும். குடிக்கக் குடிக்க நுரை கண்ணாடியில் வளையம் வளையமாகப் படிந்து நிற்கும். பழையதில் அந்த மஞ்சள் மங்கிப் பழுப்பேறியிருக்கும். மோந்தால் தேன் போல ஒன்று, அதன் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி. மணமெல்லாம் போன பிறகும் கசப்பு மட்டும் நாக்கின் அடியில் தங்கி நிற்கும். ஐபிஏ தனக்குப் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பழையதைத்தான் குடித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு மருந்து ஒரு வரி. 'அடைத்த நாள்' என்று கேனில் அச்சிட்டால் போதும். பல ஆலைகள் அதை ஒழுங்காகச் செய்கின்றன. செய்யாதவற்றில் ஒன்றுக்கு நானே கடிதம் எழுதினேன். எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்ற தேதி இருக்கிறது, வாடிக்கையாளருக்கு அதுவே போதுமானது என்று மரியாதையான பதில் வந்தது. போதாது. அந்தத் தேதி அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் கால அளவைச் சொல்கிறது. பீரின் வயதைச் சொல்வதில்லை. ஒருவர் ஆறு மாதம் கூட்டிப் போடுகிறார், இன்னொருவர் ஒரு வருடம் கூட்டிப் போடுகிறார். வாங்குகிறவர் எதிலிருந்து எதைக் கழிப்பது?

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியையும் ஆலைமேல் போட முடியாது. ஆலைக்கும் நம் கைக்கும் நடுவில் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தேடிப் போனால் பீரை விட்டு அரசியலுக்குள் வந்துவிடுகிறோம்.

இன்றைய கிராஃப்ட் பீர் அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. அங்கே 1920 ஜனவரியில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பீர் ஆலைகளே மதுக்கூடங்களைக் கைக்குள் வைத்திருந்தன. இடத்துக்கும் உரிமத்துக்கும் பணம் கொடுப்பார்கள். பதிலுக்குக் கூடக்காரர் அவர்களுடைய பீரை மட்டும், முடிந்த அளவு அதிகமாக விற்க வேண்டும். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, மாநிலங்கள் பழைய கூத்து திரும்பக் கூடாது என்று காய்ச்சுபவர், மொத்த விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் என மூன்று அடுக்குகளைப் பிரித்து வைத்தன. நோக்கம் நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும் நிறுவனங்களின் லாகரை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம், மூன்று மாதத்தில் மணம் இழக்கும் பீரை விநியோகஸ்தரின் கிடங்கில் உட்கார வைக்கிறது. விநியோகஸ்தரோடு செய்த ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதும் பல மாநிலங்களில் சிறிய ஆலைக்கு எளிதல்ல. சில மாநிலங்கள் சிறியவர்கள் தாங்களே கொண்டுபோய் விற்க அனுமதிக்கின்றன. மற்ற நாடுகளில் சட்டம் வேறு, ஏற்பாடு வேறு. ஆனாலும் நடுவில் நிற்கும் கிடங்கு நீளும் இடத்திலெல்லாம் பீர் கிழடாகித்தான் வருகிறது.

மதுவிலக்கு வந்ததற்கும் போனதற்கும் ஒழுக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைத்ததில்லை. பணத்தைப் பின்தொடர்ந்தால் கதை தெளிவாகிவிடும். 1913இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் வருமான வரி வந்தது. அதுவரை மது வரியை நம்பியிருந்த அரசுக்கு அதை விட்டுவிடும் துணிவு பிறந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்மேல் எழுந்த வெறுப்பு, ஜெர்மன் வழிவந்த ஆலை முதலாளிகள் பக்கமும் திரும்பியது. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி சரிந்தது; மது வரியின் நினைவு அரசுக்குத் திரும்ப வந்தது. பெண்களும் தேவாலயங்களும் பல பத்தாண்டுகள் உண்மையாகப் போராடினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கதவைத் திறந்ததும் மூடியதும் கருவூலம்.

1933இல் மதுவிலக்கை நீக்கியபோதும் ஒன்றை விட்டுவிட்டார்கள். வீட்டில் திராட்சை மது தயாரிக்க அனுமதி கிடைத்தது, பீர் காய்ச்சக் கிடைக்கவில்லை. அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில்தான் கையெழுத்திட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. இன்று 9000க்கும் மேல். வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டவர்கள்தான் வெளியே வந்து ஆலை தொடங்கினார்கள். சியரா நெவாடா என்ற ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மேன் அதற்கு முன்பு வீட்டில் பீர் காய்ச்சத் தேவையான பொருள்களை விற்றவர். பால் பண்ணையில் பயன்பட்ட பழைய தொட்டிகளை வாங்கி 1980இல் காய்ச்சத் தொடங்கினார். சட்டம் ஒரு கதவைத் திறந்ததால் பிறந்த பீர் இது. அதனால்தான் இதைக் குடிக்கும்போது அரசியலை மறக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோபத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் ஏன் இன்னும் குடிக்கிறேன் என்ற கேள்வி வரும். போர்ட்டர் என்ற கறுப்பு பீருக்காக. தொடங்கியபோது இதை நான் எதிர்பார்க்கவில்லை. கறுப்பு பீர் கனமாக இருக்கும், இனிக்கும் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் அதில் ஒன்றும் தெரியாது. வெறும் குளிர், கொஞ்சம் கசப்பு. கால் மணி நேரம் மேசையில் விட்டுவிடுங்கள். முதலில் வறுத்த காபிக்கொட்டை, பிறகு கருப்புச் சாக்லேட், கிளாஸ் பாதிக்கு வரும்போது உலர்ந்த அத்திப்பழம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்பென்று நினைத்த பீரின் அடியில் மாணிக்கச் சிவப்பு தெரியும். மணத்துக்காக ஹாப்ஸை நம்பாமல் வறுத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) நம்புவதால் கிடங்கில் இருந்த மாதங்களையும் இது ஓரளவு தாங்கிக்கொள்கிறது. இந்தப் பீர் என் குடிப் பழக்கத்தையே மாற்றிவிட்டது. முன்பைவிடக் குறைவாகக் குடிக்கிறேன், மெதுவாகக் குடிக்கிறேன், ஒரு கிளாஸ் தீரும்போது ஒரு பேச்சு முடிந்திருக்கிறது.

அந்தப் பேச்சில் பெரும்பாலும் எதிரே இருப்பவர் குடிக்காத ஓர் அண்ணன். என்னைவிட மூத்தவர், முழு மதுவிலக்கு வேண்டும் என்று வாதிடுபவர். மதுக்கூடத்தில் அரசியல் பேசுவது நேற்று வந்த பழக்கமல்ல என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய அரசன் ஹம்முராபி போட்ட சட்டத்திலேயே, மதுக்கூடத்தில் சதிகாரர்கள் கூடினால் அவர்களைப் பிடித்து அரண்மனையில் ஒப்படைக்காத கூடக்காரிக்கு மரண தண்டனை என்று எழுதியிருக்கிறது. அரசன் பயந்தது பீருக்கு அல்ல, அதைச் சுற்றி உட்காரும் நான்கு பேருக்கு. அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, குடியால் அழிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். உன் வரலாறு எங்கள் அம்மாவுக்கு என்ன செய்யும்?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அன்று பேச்சு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போனது. அந்த நகரம் இருக்கும் நேட்டால் பகுதியில் 1908ஆம் வருடச் சட்டம் ஒன்று, கறுப்பின மக்களுக்குச் சோள பீர் காய்ச்சி விற்கும் தனியுரிமையை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டில் காய்ச்சிய பீர் குற்றமாகிவிட்டது; அதையே நகராட்சி தன் பீர் கூடத்தில் விற்றது. அந்த லாபத்தில்தான் அதே மக்களை ஒதுக்கி வைக்கும் நிர்வாகம் நடந்தது. வீட்டில் காய்ச்சியதைப் போலீஸ் தேடி வந்து கொட்டியது. கணவன்மாரின் கூலி நகராட்சிக் கூடத்துக்குப் போனது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெண்கள் தடிகளோடு அந்தக் கூடங்களுக்குள் புகுந்து ஆண்களை விரட்டிவிட்டு, இருந்த பீரைக் கொட்டினார்கள்.

அண்ணன் இதை முழுதாகக் கேட்டார். அந்தப் பெண்களின் பக்கம் நிற்பதில் அவருக்கும் எனக்கும் வேறுபாடு இருக்கவில்லை. மது வேண்டும், வேண்டாம் என்ற சண்டையில் நாங்கள் எதிரெதிர் ஆட்கள். யார் காய்ச்சலாம், யார் விற்கலாம், விற்ற பணம் யார் பெட்டிக்குப் போகிறது என்று கேட்டால் இருவரும் ஒரே பக்கத்தில் வந்து உட்காருகிறோம். குடிப்பவனின் கூலியை வைத்தே பிழைக்கும் எந்த அரசும் அவன் குறைவாகக் குடிக்க வேண்டும் என்று மனதார விரும்ப முடியாது. சிறிய ஆலையை நான் ஆதரிப்பதற்குச் சுவை பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

ஆனால் சிறிய ஆலைகள் எல்லாம் சிறியனவாகவே இருந்துவிடுவதில்லை. பெரும் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டு அதே பெயர், அதே ஓவியம், அதே 'நண்பர்கள் இருவர் தொடங்கிய ஆலை' என்ற வாசகத்தோடு விற்பது இப்போது சாதாரணம். பீர் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. சில நேரம் சீராகவும் இருக்கிறது. யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை மறைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடைத்த நாளை மறைப்பதும் உடைமையாளரை மறைப்பதும் ஒரே குணம்.

மொத்தமாகக் கணக்குப் போட்டால் இத்தனை வருடங்களில் இந்த பீர் எனக்குக் கொடுத்தது அதிகம், எடுத்துக்கொண்டது குறைவு. அப்படியிருந்தும் இன்றைய தீர்ப்பு இதுதான்: கேனில் வரும் ஐபிஏ வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள் என்றால் அது அங்கே எத்தனை நாள் கிடந்தது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. நண்பருக்கும் இப்படியே எழுதிவிட்டேன். ஒரு தேதியை அச்சிடும் இயந்திரத்துக்கு இன்னொரு தேதியை அச்சிடுவது பெரிய வேலை இல்லை. எல்லா ஆலைகளும் அதைச் செய்யும் வரை என் பணம் போர்ட்டருக்கும், காய்ச்சிய இடத்திலேயே குழாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பவர்களுக்கும் மட்டும்.