மாட்டு ஈரலா, சுவரொட்டியா?

மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டு ஈரலை விட்டுச் சுவரொட்டிக்கு, அதாவது மாட்டு மண்ணீரலுக்கு, மாறிவிட்டோம். மாத்திரை அது பாட்டுக்கு ஓடுகிறது, இது கூடுதலாக. கும்பகோணம் பக்கம் சுவரொட்டி என்றாலே ஆட்டுடையதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மாட்டுடையது முழங்கை நீளத்துக்கு, நாக்கு மாதிரித் தட்டையாக இருக்கும்.

புரதம் இரண்டிலும் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டித்தான். கொலஸ்டிராலும் இரண்டிலும் 250 மில்லிகிராமுக்கு மேல். யூரிக் அமிலம் ஏறியவர்கள் இரண்டையுமே தள்ளி வைக்க வேண்டியதுதான்.

இரும்பில்தான் பெரிய வித்தியாசம். பச்சை ஈரல் 100 கிராமில் சுமார் 5 மில்லிகிராம், சுவரொட்டியில் சுமார் 44. கீரையில் உள்ளதைவிட இந்த இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். ஐம்பது கிராம் போதும், அதற்கு மேல் தேவையே இல்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது, அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இரும்பு அதிகமாகச் சேரும்.

ஆனால் நான் மாறியதற்கு முக்கியக் காரணம் வைட்டமின் ஏ. நூறு கிராம் மாட்டு ஈரலில் அது கிட்டத்தட்ட 5000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 3000 தான் உச்ச வரம்பு. வேண்டாத உப்பு மாதிரி சிறுநீரில் போய்விடாது, நம் ஈரலிலேயே தங்கிச் சேரும். அதனால் ஈரலை வாரம் ஒரு தடவை, அதுவும் கொஞ்சமாக என்றுதான் வைத்துக்கொள்ள முடியும். ரத்தம் ஊற வேண்டியவர்களுக்கு அந்த அளவில் கிடைக்கும் இரும்பு மிகக் குறைவு. முழுகாமல் இருக்கிற பெண்களுக்கு ஈரலே வேண்டாம் என்பார்கள், அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். சுவரொட்டியில் இந்த வைட்டமின் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை, அந்தப் பயமில்லாமல் அடிக்கடி கொடுக்கலாம்.

ஈரல் ஜெயிக்கிற இடமும் உண்டு. ரத்தம் ஊற இரும்பு மாதிரியே தேவைப்படும் வைட்டமின் பி12 அதில் 59 மைக்ரோகிராம், சுவரொட்டியில் ஆறுகூட இல்லை. ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினிலும் ஈரல்தான் ரொம்ப மேலே. ஆகவே சோகை எதனால் என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். பி12 குறைவென்றால் என் பேச்சைக் கேட்காமல் ஈரலையே வாங்குங்கள்.

சமையலுக்கு ஈரல் சுலபம். சுவரொட்டியின் மேல்தோலை நுனியில் கீறி இழுத்து உரிக்க வேண்டும், கையெல்லாம் ரத்தம். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு வறுத்து, எலுமிச்சை பிழிந்து இறக்குவேன். அடுப்பில் அதிக நேரம் விட்டால் ரப்பர்தான். குழம்பாக வைத்ததில்லை, எப்படி வரும் என்று சொல்லத் தெரியாது. சாப்பிட்டதும் காபி குடித்தால் இரும்பு சேர்வது குறையும், நம்ம ஊர்க்காரர்களுக்கு அதுதான் கஷ்டம்.

ஒரு மாட்டுக்கு ஒன்றுதான் என்பதால் பாய் கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். “வெள்ளன வந்துடுங்கக்கா, எடுத்து வைக்கிறேன்” என்பார். தாமதமாகப் போனால் ஈரல்தான் இருக்கும்.