எவர்சில்வர் சமையலறை வேலைக்கு 200 ஆம்பியர் டிக் மெஷின்: எது உதவும், எதை மாற்ற வேண்டும்

சமையலறை மேடை, தொட்டியோரத் தகடு, அலமாரித் தட்டு, தாங்கிக் கால்கள். வீட்டில் எவர்சில்வரில் செய்யக்கூடியவை பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. தடிமனுக்குள் அடங்கிவிடும். இதற்காக வெல்டிங் கற்க இறங்குபவர்கள் அதிகம் வாங்குவது, ஒற்றை ஃபேஸில் ஓடும் 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் டிக் மெஷின். டிக் (TIG) என்றால், டங்ஸ்டன் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே ஆர்க் என்ற மின்பொறியை எரியவிட்டு, ஆர்கான் கேஸின் காவலில் தகட்டை உருக்கிச் சேர்ப்பது. டார்ச் (டங்ஸ்டனைப் பொருத்தும் கைப்பிடி), எர்த் கிளாம்ப், நாலைந்து கப் (டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் மூக்கு) எல்லாம் ஒரே பெட்டியில் வரும். அந்த வகை மெஷினையும் அதோடு வரும் சாமான்களையும் இந்த மதிப்புரை எடைபோடுகிறது.

முதலில் அந்த 200 என்ற எண். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. 1.2 மி.மீ. தடிமனுள்ள 304 கிரேடு எவர்சில்வர் தகட்டுக்கு 30 முதல் 45 ஆம்பியர் போதும், 1.5 மி.மீ.க்கு 40 முதல் 55. 45 ஆம்பியரில் ஆர்க் எடுப்பது சுமார் 540 வாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தாலும் வீட்டு பிளக் தாங்கும். டியூட்டி சைக்கிள் (மெஷின் ஓய்வில்லாமல் ஓடக்கூடிய நேர விகிதம்) பற்றியும் கவலை வேண்டாம், இந்தக் கரண்டில் கை களைத்துப் போகும், மெஷின் களைக்காது. பார்க்க வேண்டியது எண்வரிசையின் அடிப்பக்கம். 10 ஆம்பியரில் ஆர்க் ஆடாமல் நிற்கிறதா? 20க்குக் கீழே தடுமாறும் மெஷினில் தகட்டின் ஓரம் வெல்டின் கடைசியில் ஓட்டையாகும். முடிக்கும்போது கரண்ட் படிப்படியாக இறங்கவில்லை என்றால் கடைசிப் புள்ளியில் குழி விழும், அந்தக் குழியில் விரிசல் பிறக்கும். ஆகவே டவுன் ஸ்லோப் (கரண்ட் படிப்படியாக இறங்குவது), போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் வருவது) இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்க வேண்டும். டவுன் ஸ்லோப்பை 2 முதல் 3 நொடியிலும் போஸ்ட் ஃப்ளோவை 6 முதல் 8 நொடியிலும் வைக்கலாம். ஆர்க் அணைந்ததும் டார்ச்சைத் தூக்கிவிடுவது புதியவர்களின் நிரந்தரப் பழக்கம். கேஸ் நிற்கும் வரை கை அதே இடத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் விஷயத்தில் எச்.எஃப். (உயர் அதிர்வெண் பொறி) உள்ள மாடலையே எடுங்கள். டங்ஸ்டன் தகட்டைத் தொடாமலேயே ஆர்க் பிடிக்கும். தொட்டுத் தூக்கிப் பற்றவைக்கும் லிஃப்ட் ஸ்டார்ட்டும் நன்றாகவே வேலை செய்யும். தேய்த்துப் பற்றவைக்கும் வகை மட்டும் மெல்லிய தகட்டுக்கு ஆகாது. தேய்த்த இடத்தில் டங்ஸ்டன் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். எச்.எஃப். ஓடும்போது கணினி, போனைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள்தான் இந்த வகையின் பலவீனம். பெரும்பாலும் வருவது டபிள்யூபி 26 டார்ச். 200 ஆம்பியருக்கானது, கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும், 40 ஆம்பியர் வேலைக்கு அரிவாளால் பென்சில் சீவுவது மாதிரி. டபிள்யூபி 17 கொஞ்சம் இலகு, கோலட்டும் (டங்ஸ்டனை இறுக்கும் கவ்வி) கப்பும் 26க்கு உள்ளவையே பொருந்தும். டபிள்யூபி 9 இன்னும் சிறியது, 125 ஆம்பியர் தாங்கும், இந்த வேலைக்கு மூன்றிலும் சிறந்தது. ஆனால் அதற்கான கப், கோலட் எல்லாம் வேறு அளவு. டார்ச் வாங்குமுன் மெஷின் முகப்பில் உள்ள சாக்கெட் சிறியதா பெரியதா, கேஸ் குழாய் தனியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டங்ஸ்டன் பெரும்பாலும் 2.4 மி.மீ., சிவப்பு முனை. இரண்டுமே வேண்டாம். 2.4 தடிமனில் குறைந்த கரண்ட் ஆர்க் நுனியில் அலையும். சிவப்பு என்றால் தோரியம், அதைச் சாணை பிடிக்கும் தூசியில் கதிரியக்கம் உண்டு. 1.6 மி.மீ. நீலம் அல்லது தங்க நிற லாந்தனம் வாங்கி, சாணைக்கோடுகள் நீளவாட்டில் விழும்படி கூராக்குங்கள். குறுக்கே தீட்டினால் ஆர்க் பக்கவாட்டில் ஓடும். டார்ச் எப்போதும் நெகட்டிவில், எர்த் பாசிட்டிவில்.

கூடுதல் செலவு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் அது கேஸ் லென்ஸாக (கோலட் பாடிக்குப் பதில் மாட்டும், வலை வைத்த பாகம்) இருக்கட்டும். சாதாரண கோலட் பாடியில் ஆர்கான் சுழன்று வரும், காற்றையும் இழுத்துக்கொள்ளும். லென்ஸின் வலை அதை நேராக இறக்கும். 8ஆம் எண் கப்போடு நிமிடத்துக்கு 7 முதல் 8 லிட்டர் போதும். சரியாக வரவில்லையே என்று 15 லிட்டருக்குத் திருப்பினால் சுழல் அதிகமாகி வெல்டு இன்னும் கறுக்கும். 150 பாரில் நிரப்பிய 10 லிட்டர் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆர்கான் இருக்கும். 7 லிட்டர் வீதம் மூன்றரை மணி நேர ஆர்க். சுத்தமான ஆர்கான் மட்டுமே. மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலவையைப் போட்டால் டங்ஸ்டன் எரிந்துவிடும்.

பல்ஸ் வசதி (கரண்ட் ஏறி இறங்கித் துடிப்பது) ஆடம்பரமில்லை. எவர்சில்வர் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்கு. சூடு போட்ட இடத்திலேயே தங்கும், தகடு நெளியும். உச்சம் 65 ஆம்பியர், அடி 18, உச்சத்தில் 35 சதவீத நேரம், நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்பு என்று வைத்தால் சராசரி 35 ஆம்பியருக்குள் நிற்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சொட்டு ஃபில்லர் (மூட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) என்று கைக்குத் தாளமும் கிடைக்கும். நெளிவைத் தடுப்பதில் பாதி வேலை டேக்கில் (முழு வெல்டுக்கு முன் போடும் சிறு பிடிப்புப் புள்ளி) இருக்கிறது. இடைவெளி இல்லாமல் பொருத்தி, 25 முதல் 40 மி.மீ.க்கு ஒரு டேக், நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறிப் போட வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போனால் மறுமுனை கத்தரிக்கோல் மாதிரி விலகும் அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

மூட்டின் பின்பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. முன்பக்கம் பொன்னிறமாக மின்னும்; பின்னால் கருப்பாகப் பொரிந்து கிடக்கும். அந்தப் பொரியலில் அழுக்கு தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். உணவு படும் இடத்தில் அதை விட்டுவைக்கவே கூடாது. தட்டையான மூட்டுக்குப் பின்னால் தடித்த செம்பு அல்லது அலுமினியப் பட்டையை இறுக்கி வைத்தால் சூட்டை உறிஞ்சும், காற்றும் எட்டாது. குழாய் என்றால் இரு முனையையும் டேப் ஒட்டி அடைத்து, ஒரு சிறு துளை விட்டு, உள்ளே ஆர்கான் செலுத்த வேண்டும். இதற்குச் சிலிண்டரிலிருந்து இரண்டாவது குழாயும் தனி ஃப்ளோமீட்டரும் தேவை, பெட்டியில் வராது. நிறம்தான் தேர்வுத்தாள்: வைக்கோல் நிறம், பொன்னிறம் நல்லது, நீலம் ஏற்கலாம், சாம்பல் என்றால் சூடு மிகுதி அல்லது கேஸ் போதவில்லை.

ஃபில்லர் 304 தகட்டுக்கு இஆர் 308எல், 1.0 அல்லது 1.2 மி.மீ.; எவர்சில்வர் காலை இரும்புச் சட்டத்தில் சேர்க்க 309எல். காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று முடிவு கட்டாதீர்கள், 202 கிரேடிலும் ஒட்டாது. வளைத்த 304இல் லேசாக ஒட்டவும் செய்யும். கிரேடு எழுதிய சான்றோடு தகடு வாங்குவதே வழி.

பழகும் வரிசை: 1.5 மி.மீ. துண்டில் ஃபில்லர் இல்லாமல் நேர்க்கோடு, பிறகு வெளிமூலை மூட்டை உருக்கிச் சேர்ப்பது, பிறகு ஃபில்லரோடு நேர் மூட்டு. ஆர்க் நீளம் 1.5 மி.மீ.க்கு மேல் போகாமலும் டார்ச் 15 டிகிரிக்கு மேல் சாயாமலும் பாருங்கள். டங்ஸ்டன் நுனி உருகிய உலோகக் குட்டையில் முங்கினால் அப்படியே தொடராமல் மறுபடி தீட்டிவிட்டு வாருங்கள். ஃபில்லரின் சுடுநுனி ஆர்கானை விட்டு வெளியே வந்தால் கறுக்கும், அந்தக் கறுப்பு அடுத்த சொட்டில் வெல்டுக்குள் போகும்.

அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே வெல்டு செய்யுங்கள். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்தால் ஆர்க்கில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து. எவர்சில்வர் புகையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கிறது. புகையை உறிஞ்சும் விசிறி வையுங்கள், ஆனால் காற்று கப்பின் மேல் வீசக்கூடாது. ஹெல்மெட் குறைந்த ஆம்பியர் டிக்கையும் உணரக்கூடியதாக, நான்கு சென்சார் உள்ளதாகப் பாருங்கள். சென்சார் மறைந்து கண்ணாடி இருளாமல் போனால் கண் வெந்துவிடும்.

இந்த மெஷின் அலுமினியத்துக்கு ஆகாது, அதற்கு ஏசி (மாறுதிசை) கரண்ட் வேண்டும். எவர்சில்வர் மட்டும் என்றால் ஏசிக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதைக் காலால் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலுக்குக் கொடுங்கள், மெஷினில் பெடல் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

இரும்பில் பட்ட பிரஷ், டிஸ்க் எதையும் எவர்சில்வரில் வைக்காதீர்கள். முடித்த வெல்டைத் தனி எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்து, சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி, ஈரத்துணி போர்த்தி ஒரு நாள் விடுங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் இரும்புத் துகள் இன்னும் ஒட்டியிருக்கிறது. மேடையைப் பொருத்துமுன் மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும்.